அவள் ஊருக்குப் போகாத தறிகள்

“சலுகை கொடுத்தும் ஆப்பிரிக்காக்காரன் முன்னேறலையே” என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னார். ஏற்றுமதித் தொழிலில் இருக்கிறவராம். ஐரோப்பாக்காரன் அந்த நாடுகளுக்கு வரியே இல்லாமல் கதவைத் திறந்துவிட்டானாம், அவர்களுக்குத்தான் உழைக்கத் துப்பில்லையாம். பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் ரசம் அவர் சட்டைமேல் போயிருக்கும்.

அந்தக் கதவு வழியாக உள்ளே போனது யார் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் தறியில் நெய்த துண்டு போயிற்று, எங்கள் ஊர் முதலாளி போனார். யாருக்காகக் கதவைத் திறந்தார்களோ அவள் வெளியிலேயே நின்றாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. குமாரபாளையத்தில் எங்களுக்குச் சொந்தமாக நான்கு விசைத்தறிகள் இருந்தன. வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த கொட்டகையில் ஓடும். நூலும், தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற பாவும் முதலாளி கொடுப்பார், நாங்கள் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். முதலாளி ஜவுளி ஏற்றுமதி செய்கிறவர். ஊரில் பாதித் தறி அவரை நம்பித்தான் ஓடியது. என் கணவர் அவரிடம் தறி ஃபிட்டர். புதுத் தறியைப் பூட்டி ஓடவிடுவதும், ஓடாத தறியை ஓடவைப்பதும் அவர் வேலை. நாங்கள் அப்போது நெய்தது கட்டம் போட்ட சின்னத் துண்டு. ஐரோப்பாவில் கழுவிய தட்டைத் துடைக்க வைத்துக்கொள்வார்களாம். தட்டுத் துடைக்கிறதுக்கா இத்தனை அழகான துண்டு என்று நாங்கள் சிரிப்போம். எங்கள் வீட்டு ஆண்கள் தலைக்குக் கட்டுகிற துண்டு அதில் பாதி அழகுகூட இருக்காது.

ஒருநாள் முதலாளி எங்கள் கொட்டகைக்கு வந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டதும் உட்கார்ந்து, என் கணவரிடம் சொன்னார்:

“நம்ம துணி அங்க எறங்கோணும்னா வரி. வரி கட்டினாலும் வருசத்துக்கு இத்தனைதான்னு ஒரு அளவு வேற வெச்சிருக்கறான். ஆப்பிரிக்காவுல சில நாட்டுக்கு ரெண்டுமே கெடையாது. ஏழை நாடு, பொழச்சுப் போகட்டும்னு உட்டுட்டான். ஒரே கண்டிசன்தான், துணி அந்த நாட்டுலயே நெய்ஞ்சிருக்கோணும். அங்க ஒரு ஆளைக் கூட்டுப் புடிச்சிருக்கறேன். தறி அனுப்பறோம். நீதான் போய்ப் பூட்டிக் குடுக்கோணும்.”

“சரிங்க” என்றார் என் கணவர். அவர் முதலாளியிடம் சொல்கிற ஒரே சொல் அதுதான்.

“அதுக்கு முன்னால அங்கிருந்து ஒரு பொம்பள வாரா, நெசவு கத்துக்க. உங்க ஊட்டு மேல் ரூம்பு சும்மாதான கெடக்குது? அம்மணி சோறு போட்டுருவா.” என்னைக் கேட்கவில்லை, சொன்னார்.

அவள் வந்து இறங்கியது ஒரு சித்திரை வெயிலில். கார் எங்கள் சந்துக்குள் நுழையாது, முக்கிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து பெட்டியைத் தானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள். நல்ல உயரம். என்னைவிட ஒரு பிடி கருப்பு, அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஆட்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! அடுத்த தெருப் பெண்கள் உறைமோர் கேட்கிற சாக்கில் வந்து அவள் தலைமுடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். முதலாளி வீட்டு அம்மா அவளுக்குக் காப்பி கொடுத்த டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைக்கச் சொன்னார். கோயிலில் அன்னதானம் போட்டுக் கல்வெட்டில் பேர் வாங்கியவர் அந்த அம்மா.

நான் பத்தாவது வரை படித்தவள். அவளும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டு பேருடைய இங்கிலீஷும் நொண்டி. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து எப்படியோ நடந்தன. அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றாள். அவள் கற்ற முதல் தமிழ் அதுவல்ல. முதலில் கற்றது “அறுந்துபோச்சு.” பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்தச் சொல்லி நாங்கள் கத்துவது அது. தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற குரல் அவளுக்கு. பிறகு எல்லாவற்றுக்கும் அதையே வைத்துக்கொண்டாள். கரண்ட் போனால் அறுந்துபோச்சு, மழை விட்டால் அறுந்துபோச்சு, சாம்பார் தீர்ந்துவிட்டாலும் அறுந்துபோச்சு.

மரவள்ளிக் கிழங்கைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அவர்கள் ஊரிலும் அதுதான் சாப்பாடாம். அதை அவித்து என் உரலில் போட்டு இடித்து, களி மாதிரி உருட்டி எனக்கே கொடுத்தாள். எங்கள் பக்கம் ஜவ்வரிசி செய்ய வண்டி வண்டியாகச் சேகோ ஆலைக்குப் போகிற கிழங்கு அது. இதை இடித்துத் தின்னலாம் என்று சொல்ல ஆப்பிரிக்காவிலிருந்து ஒருத்தி வரவேண்டியிருந்தது.

அந்த நாட்களில் கரண்ட் போவது வழக்கம், வருவதுதான் விசேஷம். தறி நின்ற நேரத்தில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவோம். அவள் ஊரைச் சுற்றிலும் பருத்திதானாம். பறித்து மூட்டை கட்டிக் கப்பலில் ஏற்றிவிடுவார்களாம். அதே பருத்தி துணியாகத் திரும்பி வரும்போது பறித்தவளால் வாங்க முடியாதாம். நூல் ஆலைகூட ஒன்று அவர்கள் தலைநகரில் வந்துவிட்டது, தறிதான் இல்லை என்றாள். ஊரில் தையல் தெரிந்த பெண்கள் நிறையப் பேர், முதலாளி அங்கே கூட்டுப் பிடித்த ஆளின் கூடத்தில் தையல் மிஷினோடு காத்திருக்கிறார்கள். “தறியோடு வருகிறேன்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சந்தையில், தேவாலயத்தில், கிணற்றடியில், எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறாள். தறி போகாவிட்டால் அந்த ஊரில் அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? இதை அவள் சொன்ன நாளிலிருந்து அந்தத் தறிகள் எனக்கும் சொந்தக் காரியம் ஆகிவிட்டன.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பாவை ஏற்றி, நெசவு நாலு விரல் அளவு இறங்கியதும், துணியின் வலது ஓரத்தில் மஞ்சளைக் குழைத்து ஒரு பொட்டு வைப்போம். சாமி கும்பிட்டுவிட்டுத் தறியை ஓட்டுவோம். பொட்டு வைத்த அந்த ஒரு சாண் துணியைப் பிறகு வெட்டி எடுத்துவிடுவோம், வீட்டில் அடுப்புத் துணியாக ஆகும். எல்லாரும் வட்டமாக வைப்பார்கள். எனக்கு அவசரக் கை, தறியை நிறுத்தாமலே வைப்பேன், பொட்டு எப்போதும் கீழே இழுபட்டு நிற்கும். “உன் பொட்டுக்கு வால் முளைத்திருக்கிறது” என்று சிரிப்பாள். எதற்காக வைக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டாள். இப்படித்தான் வைப்போம் என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரியாது.

அவளுடைய தறிகள் எங்கள் ஊர்ப் பட்டறையிலேயே தயாராயின. தினமும் சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். எல்லாத் தறிக்கும் சாம்பல் பெயிண்ட்தான் அடிப்பார்கள். அவள் பட்டறைக்காரரோடு மல்லுக்கு நின்று பச்சை அடிக்க வைத்தாள். ஊருக்குப் போவதற்கு முன் வெள்ளைப் பெயிண்டில் தூரிகையைத் தோய்த்து, ஒவ்வொரு தறியின் பக்கச் சட்டத்திலும் கீழே தன் ஊர்ப் பெயரைத் தன் கையாலேயே எழுதினாள். துறைமுகத்தில் வேறு எங்கும் மாறிப் போய்விடக் கூடாதாம். கடைசித் தறியில் எழுதும்போது நான்தான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அந்த ஊர்ப் பெயர் ஏற்கெனவே போதுமான அளவு இழுபட்டுவிட்டது.

அவள் போனாள். பின்னாலேயே தறிகள் போகும் என்றார்கள். இரண்டு தறி போயிற்று, கூடவே என் கணவரும் போனார். மிச்சம் முதலாளியின் குடோனில் தார்ப்பாய்க்குள் கிடந்தன.

ஆனால் எங்களுக்கு வேலை மட்டும் குவிந்தது. சந்து முழுக்க ராத்திரி பகலாகத் துண்டு ஓடியது. முன்பெல்லாம் துண்டுகளை இங்கேயே வெட்டி, ஓரம் தைத்து, பெட்டி கட்டுவார்கள். இப்போது வெட்டாமல், தைக்காமல், நீட்டுத் துணியாகவே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். கூடவே முதலாளியிடமிருந்து ஒரு உத்தரவு வந்தது. பாவுத் தலைப்பில் ஒரு சாண்கூட வெட்டக் கூடாது, அதுவும் துணிதானே, அதில் அரைத் துண்டு தேறும் என்று. அரைத் துண்டுக்கு வாயைப் பிளந்தவர் அவர். நாங்கள் வழக்கம்போல் வைத்த பொட்டும் துணியோடேயே போயிற்று. இதைக் கவனமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு இதை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

கூலி கொடுக்கிற நாளில் முதலாளியைக் கேட்டேன். “ஏனுங்க, மிச்சத் தறியெல்லாம் எப்பங்க போகுது?”

“பர்மிட் வரோணும் அம்மணி.”

அடுத்த தடவை கேட்டதற்கும் பர்மிட் வரவேண்டும் என்றார். தீபாவளிக்குக் கேட்டேன். பொங்கலுக்குக் கேட்டேன். தறிக்கு வராத பர்மிட் துணிக்கு மட்டும் கப்பல் கப்பலாக எப்படி வருகிறது என்று கேட்க நினைத்தேன், அதற்குள் அவர் அடுத்த ஆளிடம் பேசப் போய்விட்டார்.

ஒரு மழைக்கால விடியலில் என் கணவர் திரும்பி வந்தார். முன்கூட்டித் தகவல் இல்லை. குளித்தார், சாப்பிட்டார், தறிக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

“என்னங்க ஆச்சு?”

“மூடிட்டாங்க புள்ள. கம்பெனியவே மூடிட்டாங்க.”

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வாயிலிருந்து பிடுங்க முடிந்தது. அங்கே ஓடியது அந்த இரண்டு தறிதான், அதுவும் யாராவது பார்க்க வந்தால் காட்டுவதற்கு. ஒன்றில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். உள்ளே பெரிய கூடத்தில் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தது எல்லாம் குமாரபாளையத்திலிருந்து போன துணி. வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, அந்த நாட்டின் பெயர் போட்ட துணிச்சீட்டை வைத்துத் தைத்தால் போதும், நெய்தது அங்கேதான் என்று ஆகிவிட்டது. வரியில்லை, அளவில்லை. முதலாளிக்கும் அங்கிருந்த கூட்டாளிக்கும் கொண்டாட்டம்.

பிறகு ஐரோப்பாவில் எவளோ ஒருத்தி துண்டைத் துவைத்திருக்கிறாள். மஞ்சள் பட்ட இடம் சோப்பு பட்டதும் சிவந்திருக்கிறது. ஒன்றிரண்டு துண்டில் இல்லை, பல கடைகளிலிருந்து புகார். அந்த நாட்டில் இல்லாத சாயமாக இருக்கிறதே என்று யாரோ தோண்டியிருக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்தும் அந்த நாட்டிலிருந்தும் அதிகாரிகள் கம்பெனிக்கு வந்துவிட்டார்கள்.

“எல்லாத்தையும் நிக்க வெச்சுக் கேட்டாங்க. துணி எங்க நெய்ஞ்சதுன்னு” என்றார் என் கணவர்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மொதலாளி சொல்லி உட்டதுதான். இங்கதான் நெய்யறோம்னு.”

“அக்கா?”

அவள் எழுந்து தையல் கூடத்துக்குள் போய், ஒரு சுருளை எடுத்து வந்து மேசைமேல் பிரித்துப் போட்டாளாம். ஓரத்தில் இருந்த பொட்டைக் காட்டினாளாம். “இந்தப் பொட்டு எனக்குத் தெரியும். என் தங்கச்சி வைத்தது. இந்தத் துணி அவள் வீட்டில் நெய்தது. எங்கள் ஊரில் நெய்வதற்குத் தறி கேட்டோம், தரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்” என்றாளாம்.

அவர்கள் துணி அங்கே நெய்ததல்ல என்பதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். தறி தராத கதையை எழுதிக்கொள்ளவில்லை. சலுகை ரத்தாயிற்று. கம்பெனி மூடியது. தைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை போயிற்று. அவர்களில் சிலர் அவள் வீட்டு முன்னால் போய் மண்ணை வாரித் தூற்றினார்களாம். தறியோடு வருகிறேன் என்று போனவள், இருந்த தையலையும் கெடுத்தாள் என்று. அதற்குப் பிறகு அவள் அந்த ஊரில் இல்லை. எங்கே போனாள் என்று என் கணவருக்குத் தெரியாது. எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்றைக்கு நான் சோறு ஆக்கவில்லை. ஆக்கவும் தோன்றவில்லை, அவருக்குப் போடவும் மனசில்லை.

மூன்றாம் நாள் முதலாளி வந்தார். நாற்காலியைத் துடைக்கவில்லை, அவரும் உட்காரவில்லை.

“உன்ற மஞ்சளால எனக்கு எத்தன நட்டம் தெரியுமா அம்மணி? சாமி கும்பிடோணும்னா கோயிலுக்குப் போ. எவன் ஊட்டுத் துணியிலயோ பொட்டு வெப்பியா?”

“வெட்ட வேண்டாம்னது நீங்கதானுங்க.”

“நான் மஞ்சள் வெய்யின்னு சொன்னனா? அந்தக் கருப்பியும் அப்படித்தான். நம்ம சோத்தைத் தின்னுட்டு நம்மளையே காட்டிக் குடுத்துட்டா. இனி எந்தத் தறியிலயும் மஞ்சள் வெக்கப்படாது, ஆமா.”

சந்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். நம் சோற்றைத் தின்னுட்டு என்று அவர்களும் சொன்னார்கள். சோறு போட்டது நான். நான் சொல்லவில்லை, இவர்கள் சொன்னார்கள்! எங்களுக்குப் பாவு கொடுப்பதை முதலாளி நிறுத்தினார். நாங்கள் பவானியில் வேறு ஒருவரிடம் வாங்கி ஓட்டினோம். முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. சலுகை உள்ள நாடுகள் அங்கே நிறைய இருந்தன, அவர் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டார்.

வருஷங்கள் போயின. பள்ளிபாளையம் ரோட்டில் முதலாளி பெரிய தறி ஷெட் ஒன்று கட்டினார். திறப்புப் பூஜைக்கு ஊரையே அழைத்தார், எங்களையும் அழைத்தார். பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதவர் என்று பெயர் வாங்க அது ஒரு வழி. என் கணவர் போகலாம் என்றார். போனோம். வாழைமரம், மைக் செட், மந்திரம் எல்லாம் தடபுடலாக இருந்தது. ஐயர் தறிகளுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கச் சொன்னார். முதலாளி கூட்டத்தைப் பார்த்து என்னைக் கைகாட்டினார்.

“அம்மணி, உன்ற கையால வெய்யி. உனக்குத்தான் மஞ்சள்னா ஆசையாச்சே.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் தட்டை வாங்கிக்கொண்டு முதல் தறிக்குப் போனேன். புதுச் சாம்பல் பெயிண்ட் பளபளத்தது. பொட்டு வைக்கக் குனிந்தபோது பக்கச் சட்டத்தின் அடியில் பெயிண்ட் சரியாக ஏறாத ஒரு இடம் தெரிந்தது. அங்கே பச்சை. பச்சைமேல் வெள்ளை எழுத்து. அடுத்த தறிக்குப் போய்க் குனிந்தேன். அதிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும் இருந்தது.

நான் நிமிர்ந்து அந்த ஊர்ப் பெயரைச் சத்தமாக வாசித்தேன். தறி ஓடாத கூடம், எதிரொலித்தது. யாருக்கும் புரியவில்லை. இன்னொரு முறை வாசித்தேன்.

“என்ன அம்மணி அது?” என்றார் முதலாளி. அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது.

“தறிக்காரி ஊருங்க. மேல பெயிண்டு அடிச்சுப்போட்டாத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? பர்மிட் இன்னும் வரலீங்களா இதுக்கு?”

“நல்ல நாளும் அதுவுமா பழைய கதையப் பேசிட்டு. பெயிண்டுல என்னமோ கிறுக்கியிருக்குது, அதப் போய்...”

அப்போது என் கணவர் கூட்டத்திலிருந்து முன்னால் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டாமல், கையைக் கட்டிக்கொண்டு, முதலாளியைப் பார்த்தே சொன்னார். “இல்லீங்க. இது அந்த ஊருக்குப் போக வேண்டிய தறிதானுங்க. பட்டறையில நான் பூட்டி ஓட்டிப் பாத்த தறி. எனக்குத் தெரியுமுங்க.”

அவர் சரிங்க என்ற சொல்லைத் தவிர வேறொன்று முதலாளியிடம் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தட்டைத் தறிமேல் வைத்துவிட்டு நான் வெளியே நடந்தேன், அவர் பின்னால் வந்தார். ரோட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. நான் சொல்லவில்லை. இரு தரப்பு அதிகாரிகளும் கையில் பேனாவோடு கேட்டுக்கொண்டு நின்றபோது, அவள் பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டியதை அவர் பள்ளிபாளையம் ரோட்டில் சொன்னார். அவள் அங்கே இல்லை.